துணிக்குள் இருக்கும் பூச்சி: அக்கான் பாடல்களில் சூனியக்காரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கானா நாட்டின் ஹைலைஃப் இசையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கித்தார், பித்தளைக் குழல்கள், விடிய விடிய நடக்கும் ஆட்டம் என்று நிறையவே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், "பில்லி சூனியம் பற்றிய மூடநம்பிக்கைப் பாடல்களும் இவர்களிடம் உண்டு" என்று ஒரே வரியில் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அக்கான் மக்களின் பாடல்களில் சாவு, அநாதைப் பிள்ளை, பாகப்பிரிவினை, வெளிநாட்டுப் பயணம் என எதை எடுத்தாலும் சூனியக்காரி பக்கத்திலேயே நிற்கிறாள். அவளை விட்டுவிட்டால் பாதிப் பாடல்களுக்குப் பொருளே கிடைக்காது. அதைவிட முக்கியம், அந்தப் பாடல்கள் அவளைப் பாடும் விதம் கடந்த நாற்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. புலம்பலாக இருந்தது போர் முழக்கமாகியிருக்கிறது. அந்த மாற்றம் வயதான பெண்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குடும்ப அமைப்பு. அது புரியாமல் அக்கான் பாடலில் எதுவும் புரியாது. கானாவின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி மூன்று கோடிக்குச் சற்று அதிகம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அக்கான். அசாந்தே, ஃபாந்தே, அக்யெம், குவாஹு, போனோ என்று பல பிரிவினர் அதில் அடக்கம். பெரும்பாலோருக்குத் தாய்வழியே குடும்பம். ரத்தம் தாயிடமிருந்து வருகிறது, ஆவியின் பலம் தந்தையிடமிருந்து வருகிறது, உயிர் கடவுளிடமிருந்து வருகிறது என்பது அவர்கள் கொள்கை. ரத்தத்தால் இணைந்த இந்தத் தாய்வழிக் கூட்டத்துக்கு அபுசுவா என்று பெயர். ஒருவருடைய அபுசுவாவில் அவருடைய தாய், பாட்டி, பெரியம்மா, சித்தி, தாய்மாமன், உடன்பிறந்தவர்கள், சகோதரியின் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். தகப்பன் இருக்கமாட்டார். அத்தை இருக்கமாட்டாள். மனைவி இருக்கமாட்டாள். ஓர் ஆணுக்குத் தான் பெற்ற பிள்ளைகள்கூட அவனுடைய அபுசுவா அல்ல. அவர்கள் மனைவியின் அபுசுவா. மரபுப்படி அவன் இறந்தால் சொத்து அவனுடைய தம்பிக்கோ சகோதரி மகனுக்கோ போகும்.

பயியே என்று அவர்கள் சொல்லும் சூனிய சக்தி இந்த அபுசுவாவின் எல்லைக்குள்தான் வேலை செய்யும் என்பது பழைய நம்பிக்கை. நம் ஊர்ப் பேச்சில் வரும் செய்வினையோடு இதைக் குழப்பக் கூடாது. இதற்குத் தகடு வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், கூலிக்கு ஒரு மந்திரவாதியும் வேண்டாம். அது ஒருவருடைய உடம்போடு இருப்பது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரலாம். சாகும் தறுவாயில் ஒருத்தி கொடுத்த இடுப்பு மணிச்சரத்தோடு, தெரியாமலேயே வந்து சேரலாம். அந்தச் சக்தி உள்ளவள் ஒபயிஃபொ. இரவில் உடம்பு பாயில் கிடக்க, அவள் மட்டும் நெருப்புப் பந்தாகப் பறந்து இலவ மரத்தின் உச்சிக்கோ ஒடும் என்று பெயருள்ள பெருமரத்தின் உச்சிக்கோ போகிறாள். அங்கே கூட்டாளிகளோடு விருந்து. இறைச்சி முறைவைத்து வரவேண்டும்; ஒவ்வொருத்தியும் தன் முறைக்குத் தன் ரத்தத்தில் ஒருவரைத் தந்தாக வேண்டும். அயலானைத் தர முடியாது. தின்னப்படுவது உடம்பு அல்ல, உள்ளே இருக்கும் உயிர்ச்சாரம். உடம்பு பிறகு மெல்ல நோயில் விழும், அல்லது கர்ப்பம் தங்காது, அல்லது கையில் காசு நிற்காது, அல்லது குடி பிடித்துக்கொள்ளும். பயியேயில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. குடும்பத்தைக் காக்கவும் பிள்ளைகளைப் படிப்பில் உயர்த்தவும் நல்ல பயியேயைப் பயன்படுத்துகிறாள் என்று ஒரு பாட்டியை மரியாதையாகப் பேசுவதும் உண்டு. பாடல்களில் அந்த நல்லவள் அரிதாகவே வருகிறாள்.

"உன்னைக் கடிக்கும் பூச்சி உன் துணிக்குள்தான் இருக்கிறது" என்பது அக்கான் பழமொழி. வீட்டு முற்றத்துச் சரளைக்கல் காலைக் கிழித்தால் கத்தி வெட்டைவிட வலிக்கும் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் அப்படியேயோ கொஞ்சம் மாறியோ எத்தனை பாடல்களில் வருகின்றன என்பதைக் கவனித்தாலே போதும், உங்கள் கட்டுரையாளர் தவறவிட்டது எங்கே என்று தெரிந்துவிடும். பாடல் சூனியம் என்ற சொல்லையே உச்சரிக்காமல் சூனியத்தைப் பற்றிப் பேசும். "மனிதனுக்கு அஞ்சு" என்று லாரிகளின் நெற்றியில் எழுதிவைத்திருப்பதும் அதே பேச்சுதான். கேட்கும் அக்கான் காதுக்கு அது பொதுவான வாழ்க்கைத் தத்துவமாக மட்டும் கேட்பதில்லை. உன் வீட்டு மனிதருக்கு அஞ்சு என்றும் கேட்கும்.

இந்த அச்சத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது. அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானா, 1911இல் உலகிலேயே அதிகக் கோகோ விளைவிக்கும் நாடாகிவிட்டது. காட்டை வெட்டிக் கோகோ நட்டு, காய்ப்புக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் களை பறித்தவர்கள் மனைவியும் பெற்ற பிள்ளைகளும். தோட்டக்காரர் இறந்ததும் தோட்டம் போவது சகோதரி மகனுக்கு. ஒரு பக்கம் உழைத்தவர்களின் வயிற்றெரிச்சல். இன்னொரு பக்கம், குடும்பத்தில் ஒருவன் மேலே வந்தால் அவன்மேல் மொத்த அபுசுவாவுக்கும் இருக்கும் உரிமை: சகோதரி மகனின் பள்ளிக் கட்டணம், சித்தியின் மருத்துவச் செலவு, ஊரில் இழவு விழுந்தால் பங்கு. கொடுக்காவிட்டால் கெட்ட பெயர், கொடுத்துக்கொண்டே இருந்தால் தான் மிஞ்ச முடியாது. மறுக்க முடியாத உறவினரிடமிருந்து வரும் தீராத கோரிக்கையைத்தான் "என்னைத் தின்கிறார்கள்" என்று பாடல் சொல்கிறது. சூனியக்காரி தின்கிறாள் என்ற படிமத்தின் வேர் இங்கேயும் இருக்கிறது.

1985இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்த்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் சுய சம்பாத்தியத்தில் குடியிருந்த வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். மிச்சத்தைப் பதினாறு பங்காக்கினால் பிள்ளைகளுக்கு 9, துணைக்கு 3, பெற்றோருக்கு 2, மரபுக் குடும்பத்துக்கு 2. தாய்வழிக் கூட்டத்துக்கு முழுதாகப் போனது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. பூசல் அதோடு நின்றுவிடவில்லை. கணவனின் ஆட்கள் வந்து வீட்டைப் பூட்டுவதும், விதவை பெட்டியோடு வாசலில் நிற்பதும் அந்தச் சட்டத்துக்குப் பிறகும் பாடல்களில் தொடர்ந்தன. மரபுப்படி பார்த்தால் மனைவி கணவனின் அபுசுவாவில் இல்லை. ஆகவே பயியேயால் அவனைக் கொல்ல முடியாது. ஆனாலும் சொத்துத் தகராறு வந்துவிட்டால் இந்த விதியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. விதவைமேலும் பழி விழும், சக்களத்திமேலும் விழும்.

இனி இசை. ஹைலைஃபின் கித்தார்ப் பிரிவைத்தான் இங்கே சொல்கிறேன். நகரத்து நடனக் கூடங்களில் வாசித்த பித்தளைக் குழல் இசைக்குழுக்கள் வேறு வகை. லைபீரியக் கரையைச் சேர்ந்த க்ரூ இன மாலுமிகள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொண்டு மீட்டிய கித்தார் முறை, அக்கான் மக்களின் சொந்த வாத்தியமான செப்ரெவா என்ற யாழின் நடை, தேவாலயத்துப் பாட்டு எல்லாம் கலந்து உருவானது அது. 1928இல் லண்டனுக்குப் போய் சோனோஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த குமாசி டிரியோ அதன் தொடக்கக் காலக் குழுக்களில் ஒன்று. கித்தாருக்கு மேல் இரண்டு குரல்கள் மூன்றாம் ஸ்வர இடைவெளியில் சேர்ந்தே நடக்கும். ஸ்வரக் கட்டு பெரும்பாலும் நம் சங்கராபரணத்துக்குப் பக்கத்தில், பிரகாசமாக இருக்கும். தாளம் ஆடச் சொல்லும். இங்கேதான் வெளியூர்க் காது முதலில் ஏமாறுகிறது. இசை துள்ளுகிறது என்பதால் பாடலும் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்கிறோம். வரிகளைப் பார்த்தால் ஓர் அநாதை தன் தாயைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருப்பான்.

அழுகை தற்செயல் அல்ல. அக்கான் பெண்கள் இழவு வீட்டில் பாடும் ஒப்பாரியின் மொழி அப்படியே கித்தார்ப் பாடலுக்குள் வந்துவிட்டது. அதே விளிகள், அதே அநாதை, "சாவின் ஏணியில் ஒருவர் மட்டும் ஏறுவதில்லை" போன்ற அதே தொடர்கள். பாடல்கள் திரும்பி ஒலிப்பதும் அங்கேதான். அக்கான் ஊர்களில் சனிக்கிழமை என்றால் ஏதாவது ஒரு வீட்டில் இழவுச் சடங்கு இருக்கும். கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டியவர்கள், வந்த பணத்தைக் கணக்கில் எழுதும் மேசை, பெரிய ஒலிபெருக்கிகள். இளம் வயதுச் சாவு என்றால் "எதனால் செத்தான்?" என்ற கேள்விக்கு மருத்துவர் சொன்ன பதில் போதாது. "யாரால்?" என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்தில், மொத்த அபுசுவாவும் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டுப் பகையைப் பற்றிய பாடல் ஒலித்தால் கண்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒலித்தட்டின் அளவும் கதையை மாற்றியது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். அதில் ஒரு பழமொழி, ஒரு பல்லவி, ஒரு விளி. சூனியக்காரி குறிப்பாக வந்து போவாள். 1970களில் நீண்ட இசைத்தட்டு பரவியதும் ஒரே பாடல் எட்டுப் பத்து நிமிடம் ஓடலாம், சில சமயம் ஒரு பக்கம் முழுவதும்கூட ஓடலாம் என்றாயிற்று. பாடகர் நடுவில் பாட்டை நிறுத்தி, கித்தார் அடியில் சுழன்றுகொண்டிருக்க, கதை சொல்லத் தொடங்கினார். யார் யாருக்கு எந்த உறவு, யார் எந்த ஊருக்குப் போனார், யார் என்ன சாப்பாடு கொடுத்தார் என்று விவரம் கூடியது. விவரம் கூடக்கூடச் சந்தேகத்துக்கு முகம் கிடைத்தது.

மேடையில் இது இன்னும் வெளிப்படை. கன்சர்ட் பார்ட்டி என்று அழைக்கப்படும் ஊர் ஊராகச் செல்லும் நாடகத்தை 1950களின் தொடக்கத்தில் ஈ.கே. நியாமேயின் அக்கான் டிரியோ கித்தார்க் குழுவோடு முழுமையாக இணைத்து, ஆங்கிலத்தை விட்டு அக்கான் மொழியில் நடத்தியது. பிறகு வந்த குழுக்கள் எல்லாம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. இரவு ஒன்பது மணிவாக்கில் நடன இசை தொடங்கும். பிறகு கோமாளிகள் வருவார்கள். அதற்குப் பிறகே நாடகம். முடியப் பின்னிரவு இரண்டு மூன்று மணி ஆகும். பெண் வேடங்களை ஆண்களே போட்டார்கள். கொடுமைக்காரச் சிற்றன்னை, அவள் கையில் அவதிப்படும் அநாதை, இரவில் உருமாறும் கிழவி ஆகியோர் நிரந்தரப் பாத்திரங்கள். பகலில் விளம்பரத்துக்காக ஒட்டுப்பலகையில் வரைந்த பெரிய ஓவியத்தைத் தெருமுனையில் நிறுத்துவார்கள். வாயில் நெருப்பு கக்கும் பெண், பாம்பு சுற்றிய உடம்பு, காட்டுப் பூதமான சசாபொன்சம். நாடகத்தில் அந்தக் காட்சி சில நிமிடம்தான் வரும், சில நேரம் வராமலும் போகும். ஆனால் கூட்டம் சேர்த்தது அந்தப் பலகை.

இவ்வளவு இருந்தும் பழைய பாடல்கள் ஒரு கட்டுப்பாட்டைக் காத்தன. பெயர் சொல்வதில்லை. மரபுச் சட்டத்தில் ஒருவரை ஆதாரம் இல்லாமல் ஒபயிஃபொ என்று அழைப்பது அவதூறு; வழக்குத் தொடுக்கலாம். அதைவிட வலுவானது பேச்சு மரபு. அக்குத்தியா என்று ஒரு பேச்சுமுறை உண்டு. எதிரில் இருப்பவரைக் குத்த வேண்டும், ஆனால் அவர் "என்னையா சொன்னாய்?" என்று கேட்டால் "இல்லையே" என்று சொல்ல வழி இருக்க வேண்டும். நானா அம்பாடுவின் ஆஃப்ரிக்கன் பிரதர்ஸ் குழு 1967இல் வெளியிட்ட "எபி தே யியே" பாடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது சூனியப் பாடல் அல்ல. விலங்குகளின் கூட்டத்தில் சிறுத்தை ஒரு சிறிய மானுக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் வாலை மிதித்துக்கொள்கிறது. சிலர் வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், சிலருக்கு உட்காரவே வழியில்லை என்று மான் முறையிடுகிறது. ராணுவ ஆட்சிக் காலத்தில் வந்த அந்தப் பாடலை நாடே அரசியலாகக் கேட்டது. பாடகர் சொன்னதோ விலங்குக் கதைதான். வீட்டுப் பகையைப் பற்றிய பாடல்களும் இதே முறையில்தான் கட்டப்பட்டன. இந்தக் கலைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். பெயர் சொல்லாததால் பல வீடுகளில் பல கிழவிகள் தப்பித்திருக்கலாம். அதே காரணத்தால் எந்தக் கிழவியும் முழுதாகத் தப்பவும் இல்லை.

இந்தப் பாடல்களைத் தமிழில் தர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தவறுகள் ஒரே இடத்தில்தான் மீண்டும் மீண்டும் நடக்கின்றன. முதலில், "நான்" யார் என்று பாருங்கள். அக்கான் பாடகர் "நான்" என்று பாடினால் அது அவருடைய சொந்தக் கதை என்று பொருளில்லை. அவர் அநாதையாகப் பேசலாம், விதவையாகப் பேசலாம், செத்தவனாகவே பேசலாம். இதைப் பாடகரின் வாழ்க்கை வரலாற்றில் சேர்த்துவிடும் கட்டுரைகள் ஏராளம். இரண்டாவது, உறவுமுறை. ஆங்கில வழியாக வரும் மொழிபெயர்ப்பில் தாயின் சகோதரியும் தந்தையின் சகோதரியும் ஒரே சொல்லுக்குள் விழுந்துவிடுகிறார்கள். அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர் "அத்தை" என்று எழுதிவிட்டால் பாடலே கெட்டுவிடும். அத்தை அபுசுவாவுக்கு வெளியே இருப்பவள். மரபுப்படி அவளால் உங்களைத் தின்ன முடியாது. பெரியம்மாவும் சித்தியும் தாய்மாமனும் உள்ளே இருப்பவர்கள். தமிழில் இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் தனித்தனிச் சொல் தயாராக இருக்கும்போது அதைக் கோட்டைவிடுவது பெரிய இழப்பு.

மூன்றாவது, பழமொழியின் பாதி. பாடகர் முதல் பாதியை மட்டும் பாடி விட்டுவிடுவார். மிச்சத்தைக் கேட்பவர் மனதுக்குள் முடித்துக்கொள்வார். எழுத்தில் அது அரைகுறை வாக்கியமாகத் தெரியும். குத்தல் இருப்பது சொல்லாமல் விட்ட பாதியில். ஆகவே வரிகளை எழுதி எடுக்கும்போது ஒரே ஆளிடம் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. வயது மூத்த ஒருவரிடமும் இளையவர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால், இளையவருக்குப் பிடிபடாத பாதி மூத்தவரிடம் கிடைக்கும். நான்காவது, தொனி. அக்கான் மொழியின் முக்கிய வடிவமான ட்வியில் ஒரே எழுத்துக்கூட்டல் உயர்ந்த தொனியில் ஒரு பொருளும் தாழ்ந்த தொனியில் வேறு பொருளும் தரும். மெட்டு அந்தத் தொனியை ஒட்டியே நடக்கும். அச்சில் உள்ள வரிகளை மட்டும் வைத்து, பாடலைக் கேட்காமல் மொழிபெயர்த்தால் பிழை நிச்சயம். கடைசியாக, இரவில் கத்தும் ஆந்தை, மரத்தின் உச்சி, இடுப்பு மணி, கவிழ்த்து வைத்த கர்ப்பப்பை, காரணமில்லாத குடி ஆகியவை வந்தால் அவை அலங்காரம் அல்ல. அக்கான் செவிக்கு அவை நேரடியான அடையாளங்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சூனியத்தைப் பிடிக்கும் கோயில்கள் அக்கான் பகுதியில் அலையலையாக வந்திருக்கின்றன. 1906 வாக்கில் பரவிய அபெரெவா என்ற வழிபாட்டை ஆங்கில அரசு 1908இல் தடை செய்தது. 1940களில் வடக்கிலிருந்து வந்த திகாரே என்ற வழிபாடு நாடெங்கும் பரவியது. அத்தகைய கோயில்களுக்கு வந்தவர்களை ஆய்வு செய்த மார்கரெட் ஃபீல்டு 1960இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். தாங்களே சூனியக்காரிகள், தாங்களே தங்கள் பிள்ளைகளைக் கொன்றோம் என்று அழுதுகொண்டு வந்த பெண்களில் பலர் கடுமையான மனச்சோர்வு நோயில் இருந்தவர்கள். கோயிலில் அந்தப் பெண் பேசினாள். அவள் சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது. பாடல்களிலோ அவள் வாய் திறப்பதே அபூர்வம். எழுதியவர்களும் பாடியவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், மேடையில் அவளாக நடிக்கவும் செய்கிறார்கள். அவள் பக்கத்துக் கதை இல்லை. இந்த இசையின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

1981இன் இறுதியில் ராணுவப் புரட்சி வந்தது. தொடர்ந்து வந்த இரவு ஊரடங்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. விடிய விடிய நடப்பதையே பிழைப்பாகக் கொண்ட கன்சர்ட் பார்ட்டிகளால் அதைத் தாங்க முடியவில்லை. இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு வரியும் ஏறியது. இசைஞர்கள் நைஜீரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். ஜெர்மனியில் சிந்தசைசரோடு சேர்ந்து உருவானது பர்கர் ஹைலைஃப். 1983இல் ஜார்ஜ் டார்கோவின் பாடலோடு அது பேர்பெற்றது. அதைத் தொடர்ந்த புலம்பெயர்ந்தோர் பாடல்களில் சூனியக்காரிக்குப் புதிய வேலைகள் வந்து சேர்ந்தன: விசா கிடைக்காமல் செய்வது, அனுப்பும் பணத்தைக் கரைப்பது, ஊருக்குத் திரும்பவிடாமல் கட்டிவைப்பது.

உள்நாட்டில் எஞ்சிய இசைஞர்களுக்கு இடம் கொடுத்தவை தேவாலயங்கள். கருவிகள் அங்கே இருந்தன, மேடை இருந்தது, கூட்டம் இருந்தது. அதே கித்தார் நடையில், அதே இரட்டைக் குரலில் கிறிஸ்தவ ஹைலைஃப் வளர்ந்தது. பெண் பாடகர்கள் பெருமளவில் முன்னுக்கு வந்ததும் இதன் வழியாகத்தான். அந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆனால் பேச்சின் இலக்கணம் மாறிவிட்டது. பழைய பாடலில் பாதிக்கப்பட்டவன், "என்னை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று உறவினரிடமே முறையிட்டான். முறையீடு என்றால் சமாதானத்துக்கு வழி இருக்கிறது என்று பொருள்; குடும்பம் உட்கார்ந்து பேசலாம், பெரியவர்கள் தீர்க்கலாம். புதிய பாடலில் வீட்டுப் பகைவரிடம் பேச்சே கிடையாது. அவர் சாத்தானின் ஆள். பரிசுத்த ஆவியின் நெருப்பு இறங்கி அவரைச் சுட்டெரிக்க வேண்டும். ரத்த உறவு முன்பு சந்தேகத்துக்கும் இடமாக இருந்தது, சமாதானத்துக்கும் இடமாக இருந்தது. இப்போது சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாடல் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் போக்கு அந்தப் பக்கம்.

வீடியோ படங்களும் இதற்கு உரமிட்டன. 1987இல் வில்லியம் அகுஃபோ எடுத்த "ஜினாபு", கானாவின் வீடியோ படக் காலத்தைத் தொடங்கி வைத்த படம். அதன் மையமே ஒரு சூனியக்காரி. 1995இல் தனியார் எஃப்எம் நிலையங்கள் வரத் தொடங்கி, 1999இல் முழுக்க அக்கான் மொழியிலேயே பேசும் பீஸ் எஃப்எம் வந்தபோது, பாடலும் பிரசங்கமும் நேயர் தொலைபேசியும் ஒரே அலைவரிசையில் கலந்துவிட்டன. பாடலில் குறிப்பாக இருந்தது அடுத்த பத்து நிமிடத்தில் பேச்சில் வெளிப்படையாகிவிடும்.

2010 நவம்பரில், தலைநகருக்குப் பக்கத்துத் துறைமுக நகரமான தேமாவில் 72 வயது மூதாட்டி ஒருவர் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டார். சந்தேகத்தில் கைதானவர்களில் ஒரு மதபோதகரும் இருந்தார். 2020 ஜூலையில் கஃபாபா என்ற ஊரில் 90 வயது மூதாட்டி பகலில், சந்தையில், ஊர் பார்க்க அடித்துக் கொல்லப்பட்டார். இவற்றுக்குப் பாடல்தான் காரணம் என்று சொல்வது பொய்யாகிவிடும். கஃபாபா அக்கான் பகுதியே அல்ல. வடக்கில் கம்பாகா முதலிய ஊர்களில் உள்ள, சூனியக்காரிகள் என்று விரட்டப்பட்ட பெண்கள் தஞ்சம் புகும் முகாம்களும் அக்கான் மக்களுடையவை அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளிலும் இருக்கிறது. நான் சொல்வது வேறு. குற்றச்சாட்டு எழும் கணத்தில் கூட்டத்துக்குத் தயாராக ஒரு மொழி தேவைப்படுகிறது. யாரைப் பார்க்க வேண்டும், எந்த அடையாளத்தைத் தேட வேண்டும், அவளை என்ன செய்யலாம் என்று அந்த மொழி ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். "என்ன செய்யலாம்" என்பதற்குப் பழைய பாடல் பதில் தரவில்லை. புதிய பாடல் "நெருப்பு" என்கிறது. அங்கே நெருப்பு ஆவிக்குரிய உருவகம்தான். தேமாவில் அது மண்ணெண்ணெயாக இருந்தது.

ஒருவரைச் சூனியக்காரி என்று அறிவிப்பதையும் அதைத் தொழிலாகச் செய்வதையும் குற்றமாக்கும் சட்டத் திருத்தத்தைக் கானா நாடாளுமன்றம் 2023 ஜூலையில் நிறைவேற்றியது. தனிநபர் மசோதா அரசு நிதியில் செலவு வைக்கிறது என்ற காரணம் காட்டி அன்றைய அதிபர் ஒப்புதல் தரவில்லை. இந்தச் சட்டம் பாடல்களைத் தொடுவதற்கு வந்ததல்ல, தொடவும் கூடாது. பாட்டைத் தடை செய்யும் அரசு நாளை "எபி தே யியே" போன்ற ஒன்றையும் தடை செய்யும். வேலை வேறு இடத்தில் இருக்கிறது. பாடலாசிரியர்களிடம் அந்த மூதாட்டியின் வாயால் ஒரு பாட்டு எழுதச் சொல்ல வேண்டும். வானொலி நிலையத்தார், நேயர் தொலைபேசியில் உறவினரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் அழைப்பை அந்த இடத்திலேயே துண்டிக்க வேண்டும். இழவு வீட்டில் எந்தப் பாடலைப் போடுவது என்பதை ஒலிபெருக்கிக்காரரிடம் விடாமல் குடும்பப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். இவற்றுக்குச் செலவும் இல்லை, சட்டமும் வேண்டாம்.

உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இந்த இசையைப் பற்றி அடுத்த கட்டுரை வருமானால், ஒரு பாடலையாவது உறவுமுறைச் சொற்கள் பிசகாமல், பாதிப் பழமொழிக்கு அடிக்குறிப்போடு முழுமையாக வெளியிடுங்கள். பதிவான ஆண்டையும் தட்டின் வகையையும் சேர்த்துப் போடுங்கள். மூன்று நிமிடப் பாடலா, பத்து நிமிடக் கதையா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். சென்ற முறை கட்டுரையோடு போட்டிருந்த, கூம்புத் தொப்பியும் துடைப்பமும் வைத்த ஐரோப்பியச் சூனியக்காரியின் படத்தை மட்டும் தயவுசெய்து மீண்டும் போடாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு கன்சர்ட் பார்ட்டியின் விளம்பரப் பலகை ஓவியத்தைத் தேடி எடுத்துப் போடலாம். வரைந்த ஓவியரின் பெயர் பலகையிலேயே எழுதியிருந்தால் அதையும் படத்துக்குக் கீழே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி